அப்பா தூங்குகிறார்

கதவைத் திறக்காத பிள்ளைகளை எனக்குப் பிடிக்கும். இதைக் கேட்டு என்னோடு வேலை செய்கிறவர்கள் சிரிப்பார்கள், ஏனென்றால் எங்கள் பிழைப்பே கதவைத் திறக்கச் சொல்வதுதான். சொக்சோ ஊரில் வீடு வீடாகப் போய் கேஸ் அடுப்பு, குழாய், வீட்டுத் தரையைச் சூடாக்குகிற பாய்லர், அதன் புகைபோக்கி எல்லாம் ஒழுங்காக இருக்கிறதா என்று பார்த்துவிட்டு வருவது என் வேலை. பாதி வீட்டில் ஆள் இருக்காது. மீதியில் பாதி, ஆள் இருந்தும் மூச்சுக் காட்டாது. சில தடியன்கள் ஜட்டியோடு வந்து திறந்து பல்லிளிப்பான்கள். அவன்களுக்கு என் வாயிலிருந்து கிடைப்பதை இங்கே எழுத முடியாது. ஆனால் வீட்டில் தனியாக இருக்கும் ஒரு குழந்தை, "யாருன்னு தெரியாம திறக்க மாட்டேன்" என்று உள்ளேயிருந்து கறாராகச் சொன்னால் எனக்கு மனசு குளிர்ந்துவிடும். சமத்து, நல்லா இருடா என்று சொல்லிவிட்டு அடுத்த வீட்டைப் பார்க்கப் போய்விடுவேன்.

ஹாரமை முதலில் அப்படி ஒரு குரலாகத்தான் எனக்குத் தெரியும். போன வசந்த காலத்தில், மேட்டுத் தெருவில் இருக்கிற ஒரு வில்லாவின் மூன்றாவது மாடி. பேர்தான் வில்லா, லிஃப்ட் கிடையாது, படிக்கட்டு விளக்கும் ஒழுங்காக எரியாது. மணியை அடித்தேன்.

"யாரு?"

"கேஸ் செக்கிங் கண்ணா. அம்மா இருக்காங்களா?"

"அப்பா தூங்குறாரு. அப்புறம் வாங்க."

"கொஞ்சம் எழுப்பேன்."

"எழுப்புனா அப்பாவுக்குக் கோவம் வரும். எங்கப்பா ரொம்பப் பெரிசா இருப்பாரு."

அந்த 'ரொம்பப் பெரிசா'வில் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. திரும்பினால், இரண்டு கையிலும் பையோடு ஒருத்தி படியேறி வந்துகொண்டிருந்தாள். பையனின் அம்மா. ஓக் மிக்யங் என்று பேர். மீன்முட்டை உப்புப் போட்டு அடைக்கிற தொழிற்சாலையில் வேலை. என் அடையாள அட்டையை வாங்கி முன்னும் பின்னும் பார்த்தாள். அப்புறம் என் ஆபீசுக்கே போன் போட்டு, இப்படி ஒரு பொம்பளை உங்களிடம் வேலை பார்க்கிறாளா என்று விசாரித்தாள். அதற்குப் பிறகுதான் கதவைத் திறந்தாள். எனக்கு அவளை அப்போதே பிடித்துப்போயிற்று.

உள்ளே நுழைந்ததும் செருப்பு விடுகிற இடத்தில் ஒரு ஜோடி பூட்ஸ். கட்டட வேலைக்காரர்கள் போடுகிற மாதிரி, இரும்பு மூக்கு வைத்தது, என் கால் இரண்டையும் ஒன்றிலேயே நுழைத்துவிடலாம். துணி காயப்போடுகிற கம்பியில் கூடாரம் அளவுக்கு ஒரு ஆம்பளைச் சட்டை. நான் குனிந்து பூட்ஸைப் புரட்டிப் பார்த்தேன். வாய் சும்மா இருக்காதே எனக்கு.

"ஹாரம் அம்மா, உன் வீட்டுக்காரர் பறந்துதான் வேலைக்குப் போவாரா? அடியில ஒரு கீறல்கூட இல்லையே."

அவள் முகம் வெளுத்துவிட்டது. கதவைச் சாத்திவிட்டு வந்துதான் பேசினாள்.

"அவர் கடல்லயே செத்துப்போய் ஆறு வருஷமாச்சு அக்கா. இவனுக்கு அவர் முகமே ஞாபகம் இல்ல."

விஷயம் இதுதான். அதற்கு முந்தைய இலையுதிர் காலத்தில், மூத்தவள் சேரின் டியூஷன் முடிந்து வரும்போது ஒருத்தன் பின்னாலேயே வந்திருக்கிறான். பிள்ளை ஓடிவந்து உள்ளே புகுந்து கதவைச் சாத்திவிட்டாள். அவன் போகவில்லை. வெளியே நின்று பூட்டின் எண் பொத்தான்களை ஒவ்வொன்றாக அமுக்கிப் பார்த்திருக்கிறான். உள்ளே தம்பியும் அக்காவும் மட்டும். சேரின் என்ன நினைத்தாளோ, வீட்டுக்குள் பார்த்து, "அப்பா! யாரோ கதவை நோண்டுறாங்க, எந்திரிங்கப்பா!" என்று கத்தியிருக்கிறாள். அவன் படியில் விழுந்தடித்து ஓடிவிட்டான்.

"அன்னிக்குப் பொறந்தவருதான் எங்க வீட்டு அப்பா," என்றாள் மிக்யங்.

அதற்குப் பிறகு அவள் அந்த அப்பாவைச் சோறு போட்டு வளர்க்காத குறையாக வளர்த்திருக்கிறாள். பூட்ஸ் வாங்கினாள், சட்டை வாங்கினாள். பார்சல் எல்லாம் 'பியோ மூசே' என்று ஒரு முரட்டு ஆம்பளைப் பேருக்குத்தான் வரும். கதவுக்குக் கீழே பழைய காலத்துப் பால் போடும் ஓட்டையை இரும்புத் தகடு வைத்து அடைத்துவிட்டாள். எண் பொத்தான்களில் விரல் அடையாளம் தெரியக்கூடாது என்று தினமும் துடைப்பாள். ஜன்னல்கள் ஒரு ஜாணுக்கு மேல் திறக்காதபடி கட்டை அடித்திருந்தாள். உள்பக்கம் புதிதாக ஒரு தாழ்ப்பாள். அதைப் போட்டுவிட்டால் எண் தெரிந்தவன்கூட வெளியிலிருந்து திறக்க முடியாது.

"ஹாரம், அத்தைகிட்ட சொல்லு. வெளிய ஒருத்தன் வந்து, உங்க வீட்டுல அப்பாவே இல்லன்னு எனக்குத் தெரியும்னு சொன்னா?" என்று மகனைக் கேட்டாள் மிக்யங்.

எட்டு வயதுப் பையன் ராணுவ வீரன் போல நிமிர்ந்து நின்றான். "அவன்தான் ரொம்பக் கெட்டவன். உடனே தாழ்ப்பாளைப் போட்டுடணும்."

"வெளிய நின்னு ஒருத்தங்க அழுதா?"

"அழுறவங்களையும் நம்பக் கூடாது."

"அம்மா, வீட்டுக்கு வர்றவங்க முன்னாடியெல்லாம் அவனுக்குப் பரீட்சை வைக்காதீங்க, மானம் போகுது," என்று சேரின் தன் அறையிலிருந்து தலையை நீட்டினாள். பதினைந்து வயது, முகம் பாதிக்கு முடி. "அத்தை, அந்த பூட்ஸ் சைஸைப் பாத்தீங்களா? எங்கம்மா மனுஷனுக்கு வாக்கப்படல, கரடிக்கு வாக்கப்பட்டிருக்காங்க."

எல்லோரும் சிரித்தோம். நான் பாய்லர் அறையைப் பார்த்தேன், சேரின் அறைக்கு அடுத்தாற்போல ஒட்டி இருந்தது. குழாய், புகைபோக்கி எல்லாம் கச்சிதம். போகும்போது நான்தான் யோசனை சொன்னேன். மிக்யங்கும் நானும் ஆளுக்கொரு பூட்ஸை எடுத்துப் படிக்கட்டு சிமெண்டில் தேய் தேய் என்று தேய்த்தோம். சேரின் பூந்தொட்டி மண்ணைக் கரைத்து அதில் பூசினாள். ஹாரம் அதை வாசலைப் பார்த்து ஒழுங்காக வைத்துவிட்டு, "அப்பா வேலைலேர்ந்து வந்துட்டாரு" என்றான்.

டிசம்பரில் மறுபடியும் அந்தத் தெருவுக்குப் போனேன். ஒரு சனிக்கிழமை, மதியம் ஆகப்போகிற நேரம். ராத்திரி முழுக்கப் பனி கொட்டியிருந்தது. இந்த வேலையில் எனக்கு ஒரு பழக்கம் உண்டு. மேடு ஏறும்போதே தலையைத் தூக்கிச் சுவர்களைப் பார்ப்பேன். அந்தக் குளிரில் ஒவ்வொரு வீட்டுப் புகைபோக்கியும் வெள்ளையாக மூச்சு விடும். மூச்சு விட்டால் வீட்டில் ஆள் இருக்கிறது, தரை சூடாக இருக்கிறது என்று அர்த்தம். மூன்றாவது மாடி, இடது பக்கம், ஹாரம் வீடு, மூச்சில்லை. சரி, வெளியே போயிருக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டு இரண்டடி வைத்தேன்.

அப்புறம் பாய்லர் அறை ஜன்னலைப் பார்த்தேன். குளிருக்கு எல்லோரும் ஒட்டுகிற குமிழ் பிளாஸ்டிக்தான், ஆனால் ஒரு இடம் விடாமல் அடைத்து, நாலு ஓரமும் பழுப்பு டேப். அந்தப் பிளாஸ்டிக்கின் உள்பக்கம் ஆவி படிந்து வெள்ளையாகக் கிடந்தது. நீர் தாரை தாரையாக வழிந்துகொண்டிருந்தது. பாய்லர் ஓடுகிறது. புகை வெளியே வரவில்லை. அப்படியென்றால் எங்கே போகிறது?

மூன்று மாடியும் எப்படி ஏறினேன் என்று தெரியாது. மணியை அடித்தேன், அடித்துக்கொண்டே இருந்தேன்.

"யாரு?"

அந்தக் குரலே சரியில்லை. தூக்கத்தில் பேசுகிற மாதிரி இழுத்தது.

"ஹாரம், நான்தான் கேஸ் அத்தை. பூட்ஸைத் தேய்ச்சோமே, ஞாபகம் இருக்கா?"

"ம்."

"கதவைத் திறடா கண்ணு."

"அப்பா தூங்குறாரு."

"சரிப்பா. அக்கா எங்க?"

"அக்காவும் தூங்குறா."

சனிக்கிழமை மதியம் வரைக்கும் தூங்காத பதினைந்து வயதுப் பெண் இந்த ஊரில் எங்கே இருக்கிறாள்? என் வீட்டிலும் ஒன்று அப்படித்தான் வளர்ந்தது. அதைச் சொல்லி என்னை நானே தேற்றிக்கொள்ளப் பார்த்தேன்.

"அக்காவை எழுப்பு. அத்தை வந்திருக்காங்கன்னு காதுல கத்து."

"கத்துனேன். தண்ணிகூடத் தெளிச்சேன். எந்திரிக்க மாட்டேங்குறா. ஆனா அவ மூஞ்சி செவப்பா, அழகா இருக்கு."

கடவுளே. அந்தச் சிவப்பு என்னவென்று எனக்குத் தெரியும். கார்பன் மோனாக்சைடு விஷம் ஏறினால் முகம் அப்படித்தான் சிவக்கும் என்று எங்களுக்குப் பயிற்சியில் படம் போட்டுக் காட்டியிருக்கிறார்கள்.

"உனக்கு என்ன செய்யுது?"

"தலை வலிக்குது. ரெண்டு தடவ வாந்தி எடுத்தேன். கதவுக்கிட்ட படுத்துருக்கேன், இங்கதான் ஜில்லுனு இருக்கு."

ஒரு கையால் தீயணைப்பு எண் 119ஐ அடித்துக்கொண்டே, மறு கையால் கதவைத் தட்டினேன். வண்டி கிளம்பிவிட்டது, ஆனால் மேட்டில் பனி, கொஞ்ச நேரம் ஆகும் என்றார்கள். மிக்யங்குக்கு அடித்தேன், மணி போய்க்கொண்டே இருந்தது. அந்தத் தொழிற்சாலையில் போனை லாக்கரில் வைத்துவிட்டுத்தான் உள்ளே விடுவார்கள்.

"ஹாரம், பாய்லர்லேர்ந்து கெட்ட காத்து வீட்டுக்குள்ள வருதுடா. வாசம் வராது, கண்ணுக்குத் தெரியாது. அக்கா அதனாலதான் எந்திரிக்கல. திறடா தங்கம். உன் கால்ல விழறேன்."

"அத்தை, அழுறீங்களா?"

"ஆமாடா."

"அழுறவங்களுக்கும் திறக்கக் கூடாதுன்னு அம்மா சொல்லிருக்காங்க," என்றான். அவனுக்கே வருத்தமாக இருந்தது, குரலில் தெரிந்தது.

அந்த நேரம் பார்த்து மேல் மாடி வீட்டு நாம்குங் இறங்கி வந்தார். டாக்சி ஓட்டுகிறவர், நல்ல மனுஷன், ஆனால் அவருக்கு மெல்லப் பேசத் தெரியாது. என்ன ஏது என்று நான் சொல்லி முடிப்பதற்குள் கதவை ஓங்கி ஓர் உதை விட்டார். இரும்புக் கதவு, அசையுமா? உள்ளே பிள்ளை வீறிட்டான்.

"அடேய், திறடா! உங்கப்பன் அங்க இல்லன்னு ஊருக்கே தெரியும்! திறக்கப்போறியா இல்லையா?"

ஐயோ என்று அவர் வாயைப் பொத்தப் போனேன். அதற்குள் கதவுக்கு அந்தப் பக்கம் டக்கென்று ஒரு சத்தம் கேட்டது. தாழ்ப்பாள் விழுந்துவிட்டது. சொல்லிக்கொடுத்ததை அந்தப் பிள்ளை ஒரு எழுத்து பிசகாமல் செய்துவிட்டான்.

"யோவ், நீ வாயே திறக்காத! கீழ போ! வழியில நிக்கிற காரையெல்லாம் நகர்த்தச் சொல்லு, வண்டி வரட்டும்!" என்று அவரைப் பிடித்துத் தள்ளினேன். பாவம், உள் பனியனோடு பனியில் ஓடினார்.

நான் கதவடியில் உட்கார்ந்தேன். அடைத்து வைத்த பால் ஓட்டைக்கு நேராக வாயை வைத்துப் பேசினேன். குரல் நடுங்காமல் இருக்க என் தொடையைக் கிள்ளிக்கொண்டேன்.

"ஹாரம், அந்த ஆளை விரட்டிட்டேன். நீ தாழ்ப்பாள் போட்டது சரிதான்."

தகட்டில் காதை வைத்துக் கேட்டுவிட்டு, மறுபடியும் வாயை வைத்தேன்.

"இனிமே கதவைத் திறக்கச் சொல்ல மாட்டேன். திறக்கவே வேணாம்."

"வேணாமா?"

உயிர் வந்தது எனக்கு. "வேணாம். ஜன்னல்ல ஒட்டிருக்கே பிளாஸ்டிக், அது யாரு ஒட்டினா?"

"அம்மா. போன ஞாயித்துக்கிழம. எதிர்த்த மொட்டை மாடில ஆளுங்க சிகரெட் பிடிக்க வருவாங்க. நாங்க மட்டும் இருக்குறது அவங்களுக்குத் தெரியக் கூடாதுன்னு எல்லா ஜன்னல்லயும் ஒட்டுனாங்க. கிழிச்சா கால உடைப்பேன்னாங்க."

"அப்ப நீயா கிழிக்காத. அப்பாகிட்ட ஒரு வார்த்தை கேளு."

"அப்பா தூங்கு..."

"எழுப்புடா. திட்டுனா நான் பாத்துக்குறேன். ஹால் ஜன்னல்ல இருக்குறத கிழிக்கலாமான்னு கேளு. அவரு சரின்னு சொன்னா கிழி, இல்லன்னா விட்டுடு."

இரும்புக் கதவுக்கு அந்தப் பக்கம், எனக்கு நேராக, தரையோடு தரையாக அந்தக் குரல் கேட்டது. அவன் என்னிடம் பேசவில்லை.

"அப்பா. அப்பா. கேஸ் அத்தை ஜன்னலைக் கிழிக்கச் சொல்றாங்க. அம்மா கூடாதுன்னாங்க. நான் என்ன செய்யட்டும்?"

பூட்ஸிடம் கேட்டுக்கொண்டிருந்தான். நான் முஷ்டியை வாய்க்குள் திணித்துக்கொண்டேன். பிறக்காத அந்த மனுஷனை, இரும்பு மூக்கு வைத்த அந்தத் தடியனை நான் வேண்டிக்கொண்டேன். சொல்லித் தொலையேன்யா, ஒரே ஒரு வார்த்தை.

"அப்பா சரின்னுட்டாரு," என்றான் ஹாரம்.

"என் ராசா! போகும்போது சுவத்துல பாய்லர் சுவிட்ச் இருக்குல்ல, அதை அணைச்சிடு. அப்புறம் ஹால் ஜன்னல். கிழிச்சு, திறந்து, மூஞ்சிய வெளிய நீட்டிக்கிட்டு அங்கயே நில்லு. அக்கா ரூமுக்குப் போகாத."

"அக்காவ யாரு எழுப்புறது?"

அந்த அறைக்குள் அவன் போனால் அவனும் அங்கேயே விழுவான். எனக்குத் தெரியும். "நான் வந்து எழுப்புறேன்," என்றேன்.

"சத்தியமா?"

"சத்தியமா."

கீழே ஓடி, தெருவில் நின்று அண்ணாந்து பார்த்தேன். ஹால் ஜன்னலில் ஒன்றும் நடக்கவில்லை. அப்புறம் பிளாஸ்டிக் உள்ளிருந்து அசைந்தது. ஒரு சின்ன விரல் அதைக் குத்திக் கிழித்தது. கண்ணாடி நகர்ந்தது, ஒரு ஜாண் நகர்ந்து கட்டையில் முட்டி நின்றுவிட்டது. அந்த ஜாண் இடைவெளியில் ஒரு மூக்கும் வாயும் வந்து ஒட்டிக்கொண்டன. "மூச்சை இழுடா! இழு!" என்று தெருவே கேட்கக் கத்தினேன்.

தீயணைப்பு வண்டி வந்தது. கதவை அறுத்தார்கள். முதலில் என் காலில் தட்டியது அந்த பூட்ஸ்தான். ஹாரமை ஜன்னலிலிருந்து பிய்த்துத்தான் எடுக்க வேண்டியிருந்தது; நான் நிற்கச் சொன்ன இடத்தை விட்டு நகர மாட்டேன் என்றான். சேரினைப் படிக்கட்டுத் திருப்பத்தில் கிடத்தி நெஞ்சை அமுக்கினார்கள். ரொம்ப நேரம் அமுக்கினார்கள். போர்வைக்கு வெளியே தெரிந்த அவள் கையில் நகத்துக்கு நீலச் சாயம் போட்டிருந்தாள், இரண்டு விரல் பாக்கி. நான் பாய்லர் அறையை எட்டிப் பார்த்தேன். ஜன்னல் பிளாஸ்டிக்கை இறுக்குவதற்காகப் புகைபோக்கிக் குழாயைச் சுற்றியும் டேப் போட்டு இழுத்திருந்தாள் மிக்யங். அந்த இழுப்பில் குழாய் நாளாக நாளாக பாய்லரின் கழுத்திலிருந்து கழன்று, இரண்டு விரல் அகலத்துக்கு வாயைப் பிளந்துகொண்டு நின்றது.

ஆஸ்பத்திரி வாசலில் தீயணைப்பு அதிகாரி ஒருத்தர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "பையன் பிழைச்சுப்பான். பொண்ணு..." என்று சொல்லி, இல்லை என்று தலையை ஆட்டினார். "அம்மா வந்ததும் டாக்டர்தான் சொல்லணும். நீங்க சொல்லாதீங்க."

ஹாரமின் கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். அவன் முகத்தில் ஆக்சிஜன் மூடி. அக்காவை எழுப்பியாச்சா என்று கண்ணாலேயே கேட்டுக்கொண்டிருந்தான். நான் அவன் போர்வையைச் சரிசெய்தேன். அது சரியாகத்தான் இருந்தது, ஆனாலும் திரும்பத் திரும்பச் சரிசெய்தேன்.

மிக்யங் தொழிற்சாலை உடுப்போடு ஓடி வந்தாள். தலையில் வலை, காலில் வெள்ளை ரப்பர் பூட்ஸ், முழங்கை வரைக்கும் மீன்முட்டைச் சிவப்பு. பிள்ளைகள் ஆஸ்பத்திரியில், உடனே வாருங்கள் என்று மட்டும்தான் அவளிடம் சொல்லியிருந்தார்கள். அவள் மனசில், அன்றைக்குச் சேரின் பின்னால் வந்த அந்த ஒருத்தன்தான் இருந்தான். ஹாரமின் கன்னத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

"யாருக்குடா திறந்த? யாரு வந்தா? கதவை யாருக்குத் திறந்த?"

ஹாரம் முகத்து மூடியைத் தூக்கினான்.

"யாருக்கும் திறக்கலம்மா. ஒருத்தரு உதைச்சாரு, தாழ்ப்பாளைப் போட்டுட்டேன். கேஸ் அத்தை அழுதாங்க. அப்பவும் திறக்கல. கடைசி வரைக்கும் திறக்கல."

"என் தங்கமே," என்றாள் மிக்யங். அவன் தலையைத் தடவிக்கொடுத்தாள். "நல்ல புள்ள. நீதான்டா அம்மா புள்ள."

சொல்லிக்கொண்டே நிமிர்ந்தவள் என் சீருடையைப் பார்த்தாள். என் சட்டையில் குத்தியிருந்த கேஸ் அட்டையைப் பார்த்தாள். பக்கத்துக் கட்டிலைத் தேடினாள்; அங்கே கட்டிலே இல்லை. மகன் தலையில் இருந்த கை அப்படியே நின்றுவிட்டது.

"பியோ சேரினோட பாதுகாவலர், அம்மாவோ அப்பாவோ, வந்தாச்சா?" திரைக்கு அப்பாலிருந்து ஒரு நர்ஸ் கேட்டாள்.

ஹாரம் அம்மாவின் கையைப் பிடித்து இழுத்தான்.

"அம்மா, ஜன்னல் பிளாஸ்டிக்க மட்டும் கிழிச்சிட்டேன். அப்பா கிழிக்கச் சொன்னாரு. திட்டாதம்மா."

நர்ஸ் திரையை விலக்கிக்கொண்டு வந்து மறுபடியும் கூப்பிட்டாள்.

"சேரினோட பாதுகாவலர் யாருங்க?"